கவராயத்தில் பனித்துகள்: எட்டுக் கிளை ஏன் ஒத்துவராது?

கேள்வி (டிசம்பர் 3)

பாகைமானி இல்லாமல், கவராயமும் அளவுகோலும் மட்டும் வைத்துப் பனித்துகள் வரைய முடியுமா? நான் வட்டத்தை எட்டாகப் பிரித்து வரைந்தேன், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பெண் "ஆறுதான் இருக்கணும்" என்கிறாள். ஏன் ஆறு? அப்புறம், கோக் வளைவுதான் பனித்துகளின் சூத்திரம் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அது உண்மையென்றால் அதையே வரைந்துவிடலாமே?

டிசம்பர் 3, இரவு

பெண் சொல்வதுதான் சரி. எட்டு ஏன் கூடாது என்பதை நாளை எழுதுகிறேன். முதலில் ஆறை ஒழுங்காகப் பிரித்துவிடுவோம்.

பள்ளிக்கூட வழி எல்லோருக்கும் தெரியும். வட்டம் போட்டு, கவராயத்தின் விரிப்பை மாற்றாமல் பரிதியில் வில் வெட்டிக்கொண்டே போனால், ஆறாவது வெட்டு தொடங்கிய புள்ளியிலேயே வந்து விழும். அறுகோணத்தின் பக்கமும் வட்டத்தின் ஆரமும் ஒரே நீளம், அதனால். யூக்ளிடின் நான்காம் புத்தகத்தில் 15ஆவதாக இருக்கிறது. புத்தகத்தில் விழும், தாளில் விழாது. ஒவ்வொரு வெட்டிலும் பென்சில் முனையின் பருமனில் பாதியாவது நகரும். அந்த நகர்வு அடுத்த வெட்டுக்கும் போய்ச் சேரும். கடைசியில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி பல்லிளிக்கும்.

அதனால் சுற்றிப் போகாதீர்கள். மையத்தின் வழியே ஒரு விட்டம் போடுங்கள். அதன் இரண்டு முனைகளிலும் கவராயத்தை ஊன்றி, அதே ஆரத்தில் பரிதியை இரண்டு பக்கமும் வெட்டுங்கள். நான்கு புள்ளி. விட்டத்தின் முனைகள் இரண்டு. ஆக ஆறு. வெட்டிய புள்ளியில் மறுபடி ஊன்றுவதே இல்லை என்பதால் பிழை சேர்ந்துகொண்டே போகாது. எதிரெதிர்ப் புள்ளிகளை இணைக்கும்போது கோடு மையத்தின் வழியே போகிறதா என்று பாருங்கள், அதுவே சோதனை.

நான் வேலை பார்த்த டிராயிங் ஆபீசில் நட், போல்ட் தலை எல்லாம் நாள் முழுக்க அறுகோணம்தான். கை தானாகப் போடும்.

பென்சில் 2ஹெச். ஹெச்பி வேண்டாம், மசியும்.

டிசம்பர் 4

எட்டு விஷயத்துக்கு வருகிறேன். கவராயத்துக்கு எட்டு ஒரு சிரமமே இல்லை, செங்கோணத்தை இரண்டாக வெட்டினால் முடிந்தது. பதினேழுக்குக்கூட அது இடம் கொடுக்கும், 1796இல் பத்தொன்பது வயது நிரம்பாத காவ்ஸ் அதைக் கண்டுபிடித்தார். ஏழுக்கு இடம் கொடுக்காது. ஏன் கொடுக்காது என்பதற்கான முழு நிறுவல் 1837இல் வான்ட்செலிடமிருந்து வந்தது. ஆனால் கவராயம் சம்மதித்துவிட்டால் பனிக்கட்டியும் சம்மதிக்க வேண்டும் என்று சட்டமா?

பனிக்கட்டிக்குள் ஒவ்வொரு ஆக்சிஜன் அணுவுக்கும் பக்கத்தில் நான்கு ஆக்சிஜன் அணுக்கள், இடையில் ஹைட்ரஜன் பிணைப்பு. இந்த அடுக்கு நீண்டுகொண்டே போகும்போது ஆறு ஆறாகச் சேர்ந்த வளையங்கள் அமைகின்றன. மேலிருந்து பார்த்தால் அறுகோண வலை. 60 பாகை திருப்பினால் தன் மேலேயே பொருந்தும், 45 பாகை திருப்பினால் பொருந்தாது. ஐந்துக்கும் அதே கதி.

கெப்ளர் 1611இல் பிராக் நகரில், தன்னை ஆதரித்த ஒருவருக்குப் புத்தாண்டுப் பரிசாக ஒரு சிறு நூல் எழுதினார். ஏன் எப்போதும் ஆறு, ஏன் ஐந்தோ ஏழோ இல்லை என்பதுதான் விஷயம். ஒரே அளவு உருண்டைகளை நெருக்கி அடுக்கும் விதத்தில் விடை இருக்குமோ என்று தேடினார். முடிவுக்கு வராமல் வேதியியலாரிடம் விட்டுவிட்டார். அணு அமைப்பு பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாத காலத்தில் அவ்வளவு கிட்டே போனது பெரிய விஷயம். உருண்டைகளை இதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது என்று அதில் அவர் போகிற போக்கில் சொன்னதற்கு நிறுவல் வர 1998 ஆயிற்று, தாமஸ் ஹேல்ஸ் கொடுத்தார்.

டிசம்பர் 4, சற்றுக் கழித்து

கடைகளில் தொங்கும் எட்டுக் கிளைத் தாள் அலங்காரம் எங்கிருந்து வந்தது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். என் ஊகம்: தாளை மடித்து, மறுபடி மடித்து, மறுபடி மடித்து வெட்டினால் எட்டுதான் வரும். ஆறு வேண்டுமென்றால் ஒரு மடிப்புக்கு மேல் மூன்றாக மடிக்க வேண்டும், அதற்குத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. சதுரத் தாளின் நடுவில் ஒரு மடிப்புக் கோடு போட்டு, மடிப்பு பக்கத்து மூலையின் வழியே போகும்படி ஒரு மூலையை அந்தக் கோட்டின் மேல் கொண்டுவந்து அழுத்தினால் 60 பாகை துல்லியமாகக் கிடைக்கும். அளவுகோலே வேண்டாம்.

டிசம்பர் 7

"ஆறு கோடு வந்தாயிற்று, இனி என்ன?"

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். பக்கக் கிளைகளைக் கைக்கு வந்த சாய்வில் இழுப்பார்கள், படம் மீன்முள் மாதிரி ஆகிவிடும். விதி ஒன்றுதான்: படத்தில் உள்ள எல்லாக் கோடுகளும் மூன்றே மூன்று திசைகளில்தான் போக வேண்டும், நீங்கள் முதலில் போட்ட மூன்று விட்டங்களின் திசைகளில். ஒரு தண்டிலிருந்து கிளம்பும் பக்கக் கிளை, அந்தப் பக்கத்துத் தண்டுக்கு இணையாக இருக்கும். கிளையின் கிளையும் அப்படியே. நடுவில் உள்ள அறுகோணத் தகட்டின் விளிம்புகளும் அப்படியே. நாலாவது திசை ஒன்று படத்துக்குள் புகுந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும், ஏன் என்று மட்டும் சொல்லத் தெரியாது.

நீளம்? இதை வரைபலகையில் நானாகப் போட்டுப் பார்த்துப் பிடித்தேன், எங்காவது புத்தகத்தில் நிச்சயம் இருக்கும். ஒரு கிளைக்கு இரண்டு எல்லைகள்.

முதலாவது, அடுத்த தண்டிலிருந்து எதிரே வரும் கிளை. இரண்டு தண்டுக்கும் நடுவில் 30 பாகையில் ஒரு கற்பனைக் கோடு இருக்கிறது, அதைத் தாண்டினால் மோதல். கிளை கிளம்பும் இடம் மையத்திலிருந்து எவ்வளவு தூரமோ, கிளையின் நீளம் அதே அளவை எட்டும்போது சரியாக அந்தக் கோட்டைத் தொடுகிறது. இரண்டு கோணங்கள் 30 பாகையான இருசமபக்க முக்கோணம், வரைந்து பாருங்கள்.

இரண்டாவது, ஆறு நுனிகளையும் இணைக்கும் வெளி அறுகோணம். கிளம்பும் இடத்திலிருந்து தண்டின் நுனிவரை எவ்வளவு மிச்சமோ, கிளை அவ்வளவு நீண்டால் வெளிக்கோட்டைத் தொடும். இது சமபக்க முக்கோணம்.

ஆக, மையத்திலிருந்து உள்ள தூரம், நுனிக்கு மிச்சமுள்ள தூரம், இந்த இரண்டில் எது சிறிதோ அதற்குள் கிளை அடங்க வேண்டும். அதிக நீளத்துக்கு இடம் கிடைப்பது தண்டின் பாதியில். மையத்துக்கு அருகிலும் நுனிக்கு அருகிலும் குட்டைதான்.

இது வெறும் அழகுக் கணக்கு இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. நுனிக்கு அருகில் உள்ள கிளை இளையது, வளர நேரம் கிடைக்கவில்லை. மையத்துக்கு அருகில் உள்ளது மூத்தது, ஆனால் சுற்றிலும் நெரிசல், நீராவி அங்கே வந்து சேர்வதற்குள் வெளியே நிற்பவர்கள் எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள்.

டிசம்பர் 8

மூலைமட்டம் வைத்து இணைகோடு இழுப்பது ஏமாற்று வேலை என்று ஒருவர் கோபித்துக்கொள்கிறார். நான் மினி டிராஃப்டரில் இழுப்பவன், அதைச் சொன்னால் என்ன செய்வாரோ. சரி, கவராயம் மட்டும்தான் என்றால் இன்னும் சுலபம்.

தண்டில் கிளை கிளம்பும் புள்ளியில் ஊன்றி, வேண்டிய கிளை நீளத்துக்கு விரித்து, தண்டின் மேலேயே நுனிப்பக்கமாக ஒரு குறி. அதே விரிப்பில், கிளம்பும் புள்ளியிலிருந்து ஒரு வில், குறியிலிருந்து ஒரு வில். இரண்டு வில்களும் தண்டின் இடப்பக்கம் ஓரிடத்திலும் வலப்பக்கம் ஓரிடத்திலும் வெட்டும். இரண்டு கிளைகளின் முனைகளும் ஒரே வேலையில் வந்துவிட்டன. யூக்ளிடின் முதல் புத்தகத்தின் முதல் வரைவே இதுதான், சமபக்க முக்கோணம்.

கிளை வெளி அறுகோணத்தைத் தொட வேண்டும் என்றால் குறிகூட வேண்டாம். தண்டின் நுனியே குறி.

டிசம்பர் 12

கோக். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், ஏனென்றால் எனக்கு இந்த வளைவு ரொம்பப் பிடிக்கும். அதற்கு எதிராகப் பேச வேண்டியிருக்கிறது.

ஹெல்கே ஃபான் கோக் ஸ்வீடன்காரர். 1904இல் அவர் எழுதியது பனியைப் பற்றி இல்லை. தொடர்ச்சியாக இருக்கும் வளைவுக்கு எங்கேயாவது தொடுகோடு இருந்தே தீர வேண்டுமா என்பதுதான் கேள்வி. அப்படி வேண்டியதில்லை என்று வயர்ஸ்ட்ராஸ் 1872லேயே சூத்திரம் வழியாகக் காட்டிவிட்டார். ஆனால் அதைக் கண்ணால் பார்க்க முடியாது. பள்ளிப் பிள்ளைகூட வரையக்கூடிய ஒன்றைக் கோக் கொடுத்தார்: கோட்டை மூன்றாகப் பிரி, நடுத்துண்டின் மேல் சமபக்க முக்கோணம் எழுப்பு, அடியை அழி, கிடைத்த நான்கு துண்டுகளிலும் அதையே செய். சமபக்க முக்கோணத்தின் மூன்று பக்கங்களிலும் இதைச் செய்தால் நாம் பனித்துகள் என்று சொல்கிற உருவம். ஒவ்வொரு சுற்றிலும் சுற்றளவு மூன்றில் நான்கு மடங்காகும், எல்லையில்லாமல் வளரும். பரப்போ முதல் முக்கோணத்தைப் போல் 1.6 மடங்கில் நின்றுவிடும்.

அழகுதான். ஆனால் பனித்துகள் இப்படி வளரவே இல்லை. கோக் பக்கத்தின் நடுவில் கொண்டுபோய் முக்கோணத்தை வைக்கிறார். பனிக்கட்டி வளர்வது மூலையில். அறுகோணத் தகட்டின் மூலை, பக்கத்தின் நடுப்பகுதியைவிட நீராவிக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் அங்கே அதிக நீராவி சேர்கிறது, இன்னும் நீள்கிறது, நீண்டதால் இன்னும் அதிகம் சேர்கிறது. தண்டு உண்டாவது இப்படி. பக்கத்தின் நடு பின்தங்கிப்போகிறது.

அதனால் காணொளிக்காரர் சொன்னதை எடுத்துக்கொள்ளாதீர்கள். சுவரில் மாட்டக் கோக், பனித்துகள் வேண்டுமென்றால் டிசம்பர் 7 குறிப்பு.

டிசம்பர் 13

திட்டியபிறகும் கோக்கைத்தான் வரைய வேண்டும் என்கிறவர்களுக்கு, மூன்றாகப் பிரிக்கிற வேலையே இல்லாத வழி ஒன்று இருக்கிறது.

வட்டத்தில் ஆறு புள்ளி. ஒன்று விட்டு ஒன்றாக இணைத்து இரண்டு முக்கோணங்கள். அவை ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் ஒவ்வொரு பக்கமும் தானாகவே மூன்று சம பங்காகிவிடும். முதல் சுற்று முடிந்தது. இப்போது ஆறு முனைகளிலும் ஆறு சிறு முக்கோணங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி அதன் முனைகள் வழியே வட்டம் போட்டு, அதற்குள் இதே நட்சத்திரத்தைப் போடுங்கள். உள்நோக்கி நீளும் கூர்முனையை அழித்துவிடுங்கள். இரண்டாம் சுற்றும் முடிந்தது. இப்படியே போகலாம்.

ஆனால் மூன்றாம் சுற்றுக்குப் போனால் கவராய ஓட்டைகள் தாளைச் சல்லடையாக்கும். அதற்கு மேல் போக வேண்டும் என்றால் அளவுகோல்தான். முதல் முக்கோணத்தின் பக்கம் 162 மி.மீ. என்று வையுங்கள்: 54, 18, 6, 2 என்று நாலு சுற்றுக்கும் முழு எண்ணாகவே வரும். முழு உருவத்தின் உயரம் ஏறக்குறைய 187 மி.மீ., ஏ4 தாளில் அடங்கும். நாலாவது சுற்றில் 768 துண்டுகள், மொத்தச் சுற்றளவு 1,536 மி.மீ. ஒன்றரை மீட்டர் கோடு ஒரு ஏ4 தாளில்! ஐந்தாவது சுற்றை யோசிக்கவே வேண்டாம், பென்சில் கோட்டின் பருமனே முக்கோணத்தை விழுங்கிவிடும்.

டிசம்பர் 21

"நேரில் பார்த்திருக்கிறீர்களா, இல்லை எல்லாம் படம் பார்த்துச் சொல்வதா?"

பார்த்திருக்கிறேன். டொரன்டோவில் மகள் வீட்டில் இருந்தபோது, கறுப்புக் கம்பளிக் கையுறையும் ஒரு சிறு உருப்பெருக்கியும்தான் கருவி. உருப்பெருக்கியை வெளியிலேயே வைத்துக் குளிரவிட வேண்டும். மூச்சு மேலே பட்டால் அவ்வளவுதான், ஒரு சொட்டுத் தண்ணீர்.

முதலில் பார்த்தவை பெரிய ஏமாற்றம். நட்சத்திரமே இல்லை. ஊசி ஊசியாக, உடைந்த தூளாக, ஒன்றோடொன்று ஒட்டிய கட்டியாக. எங்கே என் மூன்று திசைகள் என்று இருந்தது. அப்புறம் நல்ல குளிர் பிடித்த ஒரு காலையில் கையுறை முழுக்க ஆறு கிளை நட்சத்திரங்கள் வந்து இறங்கின.

காரணத்தை ஜப்பானில் நகாயா உகிசிரோ தெளிவாக்கினார். ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் 1936இல், குளிரறைக்குள், ஒரு முயல் ரோமத்தின் நுனியில் செயற்கைப் பனித்துகளை முதன்முதலாக வளர்த்துக் காட்டியவர் அவர். வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் மாற்றி மாற்றி வளர்த்து, எதில் எந்த உருவம் வரும் என்று அட்டவணையே போட்டுவிட்டார். சுழியத்துக்குக் கீழே 2 பாகை செல்சியஸ் அளவில் தகடுகள். 5 பாகை அருகில் ஊசிகளும் தூண்களும். 15 பாகை அருகில்தான் நாம் வரைய ஆசைப்படுகிற கிளை விரித்த நட்சத்திரம். அதுவும் தரையில் உள்ள குளிர் இல்லை, மேகத்துக்குள் உள்ள குளிர்.

ஆக நாம் இத்தனை நாளாக இங்கே பேசிக்கொண்டிருப்பது பனியில் ஒரு சிறு வகையைப் பற்றி மட்டும்.

டிசம்பர் 29

மார்கழி ஆயிற்றே, கோலம் போடுகிற ஒருவர் சரியான கேள்வி கேட்டிருக்கிறார்: "ஊடுபுள்ளி வைத்தால் இதே மூன்று திசை வராதா?" வரும். இதை நான் முதல் நாளே சொல்லியிருக்கலாம். நேர்ப்புள்ளியில் வராது, அது சதுரம். ஊடுபுள்ளியில், 7 புள்ளியில் தொடங்கி இருபக்கமும் 4இல் நிறுத்தினால் 37 புள்ளிகளில் ஒரு அறுகோணம். ஆனால் தண்டுக்கு மூன்று கட்டம்தான் கிடைக்கும், கிளை விட இடம் போதாது. 13 புள்ளி, 7இல் நிறுத்தம், மொத்தம் 127 என்று வையுங்கள். தண்டுக்கு ஆறு கட்டம்.

மையத்திலிருந்து எண்ணினால், இரண்டாம் புள்ளியில் ஒரு கட்ட நீளக் கிளை, மூன்றாவதில் இரண்டு, நான்காவதில் இரண்டு, ஐந்தாவதில் ஒன்று. டிசம்பர் 7 விதிக்குள் எல்லாம் அடங்கிவிடும், எதுவும் மோதாது. வெளி அறுகோணத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுப்புள்ளி மட்டும் காலியாக நிற்கும்.

தாளில் வைக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். புள்ளிக்குப் புள்ளி 2 செ.மீ. என்றால் வரிசைக்கு வரிசையும் 2 செ.மீ. வைக்கக் கூடாது, 1.73 செ.மீ. வைக்க வேண்டும். வாசலில் கண்ணளவில் வைக்கும்போது பெரும்பாலும் இரண்டும் சமமாகிவிடும், அறுகோணம் மேல்கீழாக நீண்டுவிடும். கோலத்துக்கு அது குறையே இல்லை. பனித்துகளுக்குக் குறை.

ஜனவரி 4

மறுயோசனை ஒன்று.

இதுவரை எழுதியதைப் படித்தால் ஆறு கிளையும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று தோன்றும். கையுறையில் பார்த்தவற்றில் பெரும்பாலானவை அப்படி இல்லை. ஒரு கிளை உடைந்திருக்கும், ஒரு பக்கம் கொழுத்திருக்கும்.

அச்சு அசல் என்ற எண்ணத்தை நம் மனத்தில் பதியவைத்ததில் வில்சன் பென்ட்லிக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊரின் விவசாயி. 1885 ஜனவரி 15இல் நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி ஒற்றைப் பனிப்படிகத்தைப் படமெடுத்தார். வாழ்நாளில் ஐயாயிரத்துக்கு மேல் எடுத்தார். அத்தனையும் தேடிப் பொறுக்கிய அழகிகள். பின்னணி கறுப்பாகத் தெரிய, நெகடிவ்வின் பிரதியில் படிகத்தைச் சுற்றிச் சுரண்டியும் எடுப்பார். அவரைக் குறை சொல்லவில்லை, தேடிப் பொறுக்காமல் அந்த அழகு கிடைத்திருக்காது.

இப்போது நான் வரையும் விதம் இது: மெல்லிய கோட்டில் ஆறு தண்டையும் சமமாகப் போடுவேன். இறுதிக் கோடு போடும்போது இரண்டு தண்டுகளில் மட்டும் கிளை நீளத்தைக் கொஞ்சம் மாற்றுவேன். நீளத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாம். கோணத்தில் கை வைக்கக் கூடாது. இப்படி வரைந்ததைப் பார்த்துவிட்டு மகள் "இதுதான் எங்க ஊர் பனி" என்றாள்.

ஜனவரி 5

இல்லை, ஒரு பென்சிலில் எல்லாம் செய்யாதீர்கள். கட்டுமானக் கோட்டுக்கு 2ஹெச், இறுதிக் கோட்டுக்கு ஹெச்பி. முதல் நாள் ஹெச்பி வேண்டாம் என்றது கட்டுமானத்துக்கு மட்டும்.

ஜனவரி 9

பன்னிரண்டு கிளை உண்டா என்றால், உண்டு. அபூர்வம், ஆனால் படங்கள் இருக்கின்றன. இரண்டு ஆறு கிளைப் படிகங்கள் 30 பாகை திரும்பியபடி மையத்தில் சேர்ந்து வளர்ந்தவை அவை.

வரைய வேண்டுமானால், ஆறு தண்டுகளுக்கு இடையே உள்ள கோணங்களை இரண்டாக வெட்டுங்கள். அதற்குமேல் இதைப் பன்னிரண்டு தண்டாக நினைக்கவே கூடாது. இரண்டு தொகுப்பு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மூன்று திசைகள். முதல் தொகுப்பின் கிளை, முதல் தொகுப்பின் தண்டுக்குத்தான் இணையாக இருக்கும். பக்கத்திலேயே 30 பாகையில் நிற்கும் இன்னொரு தொகுப்பின் தண்டுக்கு இணையாக இழுத்துவிடாதீர்கள். நடுக்கோடும் இப்போது 15 பாகைக்கு வந்துவிடுகிறது, அதனால் நெரிசல் அதிகம். மையத்திலிருந்து உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதல், அதுதான் கிளைக்குக் கிடைக்கும் உச்ச நீளம். ஒரு தொகுப்பை முழுக்க முடித்து மைபோட்டுக் காயவிட்டபிறகு அடுத்ததைத் தொடங்குங்கள்.